இடிக்கு என்ன வாடகை?

நாடகக் குழு ஒன்றின் வரவு செலவு நோட்டை நிதானமாகப் புரட்டிப் பார்க்கும் பாக்கியம் பெற்றவர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்திருப்பார்கள். அரங்க வாடகை, செட் வாடகை, லைட், மைக், மேக்கப், விக், சாமான் ஏற்றி வரும் டெம்போ, ஒத்திகைக்குக் காபி, மறுபடியும் காபி என்று வரிசையாகத் தொகைகள் எழுதப்பட்டிருக்கும். பக்கம் முடியப்போகிற இடத்தில் 'இசை' என்றும், அதற்கு எதிரே தொகைக்குப் பதிலாகப் 'பார்த்துக்கொள்ளலாம்' என்றும் காணப்படும். அந்தப் 'பார்த்துக்கொள்ளலா'மில் சென்னைப் பட்டணத்தில் சம்சாரம் நடத்திவருகிற ஆசாமி நான்.

தொலைபேசியில் அழைக்கிற டைரக்டர், "நம்ம பிளே பூராவும் வசனம்தான் சார், சும்மா ரெண்டு மூணு பிட் இருந்தாப் போதும், உங்களுக்கு அரை நாள் வேலை" என்றுதான் ஆரம்பிப்பார். அந்த அரை நாள் வேலையானது, ஒத்திகை நடக்கும் மாடி அறையில் பல மாலைகள் சம்மணமிட்டு உட்கார்ந்து, கதாநாயகி அடுத்த காட்சிக்குப் புடைவை மாற்றிக்கொண்டு வர எத்தனை நிமிஷம் பிடிக்கிறது என்பதைக் கடிகாரம் பார்த்துக் குறித்து, அந்த அவகாசத்தைச் சபையோர் இருமாமல் கழிக்கும்படியாகச் சுபபந்துவராளியில் ஒரு சோக கீதம் அமைத்து, இதற்குள் அந்த அம்மாள் அப்பியாச பலத்தால் பாதி நேரத்திலேயே புடைவை மாற்றிக்கொள்ளத் தேர்ச்சி பெற்றுவிட்டபடியால் அதை நடுவில் கத்தரித்து ஒட்டவைத்து, கடைசியில் "சோகமா இருக்கணும் சார், ஆனா ஜனங்க சோர்ந்துபோயிடக் கூடாது" என்ற அபிப்பிராயத்தைச் சிரமேற்கொண்டு முழுவதையும் மோகனத்துக்கு மாற்றுவது வரையில் நீளும்.

சம்பளப் பேச்சை எடுத்தால், "பெரிய மனுஷங்க எல்லாம் வராங்க சார், உங்க பேரு நாலு இடத்துல தெரியும்" என்பார்கள். தெரிந்ததும் வாஸ்தவமே. நாலு இடத்தில் தெரிந்த பெயரைக் கேட்டு மேலும் நாலு பேர் என்னை அழைத்தார்கள். அவர்களும் என் பெயரை நாலு இடத்தில் தெரியவைப்பதாகவே வாக்களித்தார்கள். நூறாவது காட்சி விழாவில் பொன்னாடை போர்த்தினார்கள். சென்னையின் சீதோஷ்ணத்தில் பொன்னாடையால் ஆகக்கூடிய காரியம் எதுவும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

குழுக்காரர்களைக் குறை சொல்வது என் நோக்கமன்று. பகலில் ஏதாவது ஓர் ஆபீஸில் உத்தியோகம் பார்த்துவிட்டு, சாயங்காலம் சொந்தப் பணத்தைப் போட்டு நாடகம் நடத்தும் சாதுக்கள் பலர் அவர்களில் உண்டு. அவர்களிடம் இருக்கிற பணம், கொடுக்காவிட்டால் சாமானைத் தூக்கிக்கொண்டு போய்விடக்கூடியவர்களுக்கு முதலில் போகிறது. விக் கொடுத்தவருக்குப் பாக்கி வைத்தால் மறு நாடகத்தில் சக்கரவர்த்தி வழுக்கைத் தலையோடு கொலுவீற்றிருக்க வேண்டியதுதான். லைட்டுக்காரருக்குப் பாக்கி வைத்தால் அந்த வழுக்கையும் தெரியாது. மெட்டுப் போட்டவனோ, ஒருமுறை காதில் விழுந்துவிட்ட மெட்டை எந்த முகாந்தரத்தைக் கொண்டு பிடுங்கிக்கொண்டு போவது?

பூர்வத்தில் நிலைமை இவ்விதம் இருக்கவில்லை. மேடையில் பாடி நடித்த கிட்டப்பாவின் காலத்தில் ஆர்மோனியம் வாசித்த அவர் தமையனார் காசி ஐயரின் பெயரும் ஜனங்களிடையே பிரசித்தம். மேடைப் பாட்டில் சம்பாதித்த கீர்த்திக்காகத்தான் 1935-ல் வெளிவந்த 'பக்த நந்தனா'ரில் நடிக்கக் கே. பி. சுந்தராம்பாளுக்கு ஒரு லட்ச ரூபாய் கொடுத்தார்கள். அன்றைய ஒரு லட்சத்துக்கு இன்றைய மதிப்பு என்ன என்று கணக்குப் பார்க்க ஆரம்பித்தால் எனக்கு ராத்திரி தூக்கம் பிடிப்பதில்லை. பிற்பாடு பாட்டு மேடையை விட்டுச் சினிமாவுக்குக் குடிபோயிற்று. போதாக்குறைக்கு 1940-ல் அகில இந்திய ரேடியோ ஆர்மோனியத்தையே தன் வாசலுக்குள் வரக்கூடாது என்று தடுத்து, முப்பது வருஷத்துக்குமேல் வெளியே நிறுத்திவைத்தது. வசனம் மட்டும் சபாக்களில் தங்கிவிட்டது.

மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்து ஸ்பெஷல் நாடகங்களில் மட்டும் பழைய தர்மம் அழியவில்லை. கோயில் திருவிழாவில் சங்கரதாஸ் சுவாமிகளின் 'வள்ளி திருமணம்' விடிய விடிய நடக்கும் ஓர் ஊரில், ஆர்மோனியப் பெட்டி வாசிக்கும் பெரியவர் ஒருவரிடம் என் குறைகளை முறையிட்டுக்கொண்டேன். அவர் வெற்றிலையை மடித்தபடி, "எவ்வளவு பேசினீங்க தம்பி?" என்றார். இன்னும் பேசவில்லை, வாசித்து முடித்த பிறகுதான் பேச்சு என்றேன். பெரியவர் மடித்த வெற்றிலையை வாயில் போடாமல் என்னையே பார்த்தார். "அட்வான்ஸ் கைக்கு வராம பெட்டியைத் திறக்கலாமா? அப்புறம் ராத்திரி முழுக்கச் சுருதி எப்படித் தம்பி சேரும்?" என்று அவர் கேட்டதில் சங்கீத சாஸ்திரத்துக்குப் புறம்பானது ஏதும் இருப்பதாக எனக்குப் படவில்லை.

சட்டம் என் பக்கம் இல்லாமலும் இல்லை. 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி, சங்கீதம் இயற்றியவனுக்கு அதன்மேல் உள்ள உரிமை அவன் ஆயுள் முழுவதும், இறந்த பிறகு 60 ஆண்டுகளும் நீடிக்கும். இறந்த பிறகு வரும் 60 ஆண்டுகளைப் பற்றி எனக்குக் கவலையில்லை. அதற்கு முன்னால் இருக்கும் ஆண்டுகளில் வீட்டு வாடகைக்கு வழி செய்யும் பிரிவு எதுவும் அந்தச் சட்டத்தில் என் கண்ணுக்கு அகப்படவில்லை.

ஆகவே சட்டத்தை விட்டுவிட்டு, விக் கடைக்காரரைக் குருவாக வரித்துக்கொண்டேன். அவருடையதைப் போலவே ஒரு பில் புத்தகம் அச்சடித்து, இடி ஒன்று, மழை ஒன்று, கலியாண மேளம் ஒன்று, மனச்சாட்சி பேசும்போது வீணை ஒன்று, காட்சிக்கு வாடகை இவ்வளவு என்று எழுதி, அத்தனையையும் ஒரு பென் டிரைவில் அடைத்து நாடகத்தன்று சாயங்காலம் ஒப்படைத்து, திரை விழுந்ததும் கையோடு திரும்ப வாங்கிக்கொண்டேன். பிரதி எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்ற யோசனை அங்கே ஒருவருக்கும் உதிக்கவில்லை. வாடகைச் சாமானை யாராவது பிரதி எடுப்பார்களா? இத்தனை காலமாக என் முகத்தைக் கண்டதும் காபிக்குப் போய்விடும் பொருளாளர், அன்று மறுபேச்சுப் பேசாமல் பணத்தை எண்ணி வைத்தார்.

மறுநாள் அவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. இரண்டாம் அங்கத்தில் இடி சற்றுத் தேய்ந்திருந்ததாகவும், ஆயினும் குழு அதைப் பொறுத்துக்கொண்டதாகவும், அடுத்த நாடகத்துக்கும் அதே இடியைக் கொடுத்தால் பழைய சாமான் என்ற முறையில் வாடகையில் பாதியைத் தள்ளிக்கொடுக்கச் சம்மதமா என்றும் கேட்டிருந்தார். முக்கால் என்று சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.