பூநாரைக்குப் பாய், மீனவருக்கு?

கேள்வி: பழவேற்காட்டுப் பறவைகள் சரணாலயத்தைக் காக்க நிபுணர்கள் இருக்கிறார்களே, மீனவர்களிடம் எதற்கு யோசனை கேட்க வேண்டும்?
- ஒரு வாசகர், பொன்னேரி

பதில்: பூநாரை பருவத்துக்கு வந்துபோகும் விருந்தாளி, மீனவர் வீட்டுக்காரர். விருந்தாளிக்குப் பாய் விரிக்கிறோம் என்று வீட்டுக்காரரை வாசலில் நிறுத்தலாமா?

பழவேற்காடு ஏரியின் தமிழகப் பக்கம் சரணாலயம் வந்தது 1980-ல். அதற்கு வெகுகாலம் முன்பே இங்கே ஏரிக்குச் சட்டம் இருந்தது. அதன் பெயர் பாடு. முகத்துவாரத்தை ஒட்டி இறால் ஓடும் இடங்களுக்குச் சீட்டுப் போட்டு, இன்று இவர், நாளை அவர் என்று முறைவைத்து வலை கட்டுவார்கள். முறை இல்லாதவர் அங்கே வலை இறக்கக் கூடாது. ஏரியும் பிழைத்தது, அடிதடியும் குறைந்தது. ஏரிக்கரை மீனவக் கிராமமான கோட்டைக்குப்பத்துப் பெரியவர்களைக் கேட்டால் விவரம் சொல்வார்கள்.

பாடு முறையிலும் குறை உண்டு. பட்டினவர் என்ற மீனவச் சமூகத்தார் அல்லாதவர்களுக்கு அதில் இடமில்லை. அப்படி வெளியே நிற்கும் இருளர் பழங்குடிப் பெண்களைப் பாருங்கள்: தண்ணீரில் குனிந்து, சேற்றைத் துழாவி, இறாலைக் கையாலேயே பிடித்து, பல்லில் கவ்விய பறிக்கூடைக்குள் போடுகிறார்கள். எந்தச் சேற்றில், எந்த நீரோட்டத்தில் இறால் ஒதுங்கும் என்பது அவர்கள் விரல்நுனியில் இருக்கிறது. 2006 வன உரிமைச் சட்டம் நீர்நிலைகளின் மீன் வளத்தையும் சமூக உரிமையாக ஏற்கிறது. ஆகவே சரணாலய மேலாண்மைத் திட்டம் எழுதும் மேசையில் குப்பத்துப் பஞ்சாயத்தாரோடு அந்தப் பெண்களுக்கும் நாற்காலி போட வேண்டும். திட்டம் எழுதி முடித்த பிறகு கையெழுத்துக்கு அழைப்பது கலந்தாலோசனை ஆகாது.