ஓர் அங்குல எழுத்து

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்துக்கு யாராவது ஒரு பொன்னாடை போர்த்த வேண்டும். கொள்ளைநோய்க் காலத்தில் பிள்ளைகளுக்கான கோடை முகாமைப் பாதுகாப்பாக நடத்துவது எப்படி என்று உலகத்துக்கே பாடம் எடுத்த மாநிலம் அது. 2020 ஜூன் மாதம் அங்கே நடந்த ஒரு தங்கும் முகாமில் மாநில அரசாணை சொன்னபடியே எல்லாம் நடந்தது. கேட்ட சான்றிதழ் இருந்தது. துடைத்த மேசை இருந்தது. ஒவ்வொரு கேபினும் தனித்தனிக் குழுவாகப் பிரிந்திருந்தது. கூடவே கொரோனாவும் இருந்தது. அதை மட்டும் யாரும் சான்றிதழ் கேட்டு நிறுத்தவில்லை.

வாழ்த்துரை என்றால் வரிசைப்படி வாழ்த்த வேண்டும். முதல் வாழ்த்து ஆளுநர் பிரையன் கெம்ப் அவர்களுக்கு. நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசியின் தலைமையகம் ஜார்ஜியாவின் தலைநகரான அட்லாண்டாவில்தான் இருக்கிறது. ஆளுநரின் அலுவலகமும் அதே ஊரில்தான். அப்படி இருந்தும், நோய்க்குறி எதுவுமே தெரியாதவரிடமிருந்தும் கொரோனா பரவும் என்ற செய்தி கடந்த 24 மணி நேரத்தில்தான் தமக்குத் தெரியவந்ததாக 2020 ஏப்ரல் 1 அன்று அவர் அறிவித்தார். உலகம் அதைப் பல வாரங்களாகப் பேசிக்கொண்டிருந்தது. ஆனால் என்ன, கற்றுக்கொள்ள வயதோ பதவியோ தடையில்லை என்று காட்டினார் அல்லவா? படிப்பையும் சீக்கிரமே முடித்துவிட்டார். அதே ஏப்ரல் 24-ல் உடற்பயிற்சிக் கூடம், முடிதிருத்தும் கடை, பச்சை குத்தும் கடை, பௌலிங் அரங்கம் எல்லாம் திறக்க அனுமதி கிடைத்தது. கொள்ளைநோயின் நடுவில் பச்சை குத்திக்கொள்ள முடியாமல் தவித்த மக்களின் துயரத்தை வேறு எந்தத் தலைவர் இவ்வளவு சீக்கிரம் உணர்ந்தார்? மே 31 முதல் பிள்ளைகள் இரவு தங்கும் முகாம்களும் திறக்கலாம் என்றாயிற்று.

இரண்டாவது வாழ்த்து அந்தச் சான்றிதழுக்கு. முகாமுக்கு வருகிறவர் யாராக இருந்தாலும், வருவதற்கு முந்தைய பன்னிரண்டு நாளுக்குள் பரிசோதனை செய்து ‘நெகட்டிவ்’ என்று காகிதம் கொண்டுவர வேண்டியிருந்தது. கிருமி உடம்புக்குள் போய்ச் சராசரியாக ஐந்து நாளில் நோய் தலைகாட்டும். பதினான்கு நாள்வரைகூட ஆகலாம். மூக்கில் குச்சியை விட்ட அந்த நாளைப் பற்றி மட்டும்தான் அந்தக் காகிதத்துக்கு ஏதாவது தெரியும். மிச்ச நாட்களில் பையன் பிறந்தநாள் விருந்துக்குப் போயிருக்கலாம், பாட்டி வீட்டுக்குப் போயிருக்கலாம், கடைத்தெருவில் சுற்றியிருக்கலாம். பன்னிரண்டு நாளைக்கு முன்னால் குளித்ததற்கு ரசீது வைத்திருக்கிறவனைச் சுத்தபத்தமானவன் என்று பந்தியில் உட்காரவைத்த கதை இது. ஆனால் கோப்பில் வைக்க ஒரு தாள் கிடைத்துவிட்டது. கோப்பு நிறைந்தால் அதிகாரிக்குத் தூக்கம் வரும். அதிகாரி தூங்கினால் நாடு நலம்.

மூன்றாவது வாழ்த்து மூடிக் கிடந்த ஜன்னல்களுக்கு. ஜன்னலையும் கதவையும் திறந்துவையுங்கள், காற்று வந்து போகட்டும் என்று சிடிசி சொல்லியிருந்தது. அந்த முகாம் அதன் யோசனைகளில் பெரும்பாலானவற்றை ஏற்று இரண்டை மட்டும் விட்டுவிட்டது. ஒன்று ஜன்னல். இன்னொன்று பிள்ளைகளுக்கு முகக்கவசம். ஊழியர்கள் மட்டும் போட்டுக்கொண்டால் போதும் என்று முடிவானது. கிருமி வயது பார்த்து மரியாதையோடு ஒதுங்கிப்போகும் என்ற நம்பிக்கை போலும். மற்றபடி பொதுவில் புழங்கும் பொருட்கள் ஒன்றுவிடாமல் துடைக்கப்பட்டன. துடைப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. துடைக்கிற ஆள் கண்ணுக்குத் தெரிவார், மருந்து வாசம் மூக்குக்குத் தெரியும், பெற்றோருக்கு மனம் நிறையும். திறந்த ஜன்னல் வழியாக வருகிற காற்றைக் காட்டி யாரிடம் பெயர் வாங்க முடியும்?

நான்காவது வாழ்த்து பாட்டுக்கு. முகாம் என்றால் பாட்டு, கோஷம், ஆர்ப்பாட்டம். தினமும் தொண்டை கிழியப் பாடினார்கள் என்று அந்த முகாமைப் பற்றிய சிடிசி அறிக்கையே பதிவு செய்கிறது. பாடினால் என்ன ஆகும் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாதா? தெரியும். அச்சிலேயே இருந்தது. வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்காஜிட் மாவட்டத்தில் 2020 மார்ச்சில் ஒரு பாடகர் குழு இரண்டரை மணி நேரம் ஒத்திகை பார்த்தது. வந்தவர்கள் 61 பேர். அவர்களில் ஒருவருக்கு ஏற்கெனவே நோய்க்குறி இருந்தது. முடிவில் உறுதியானதும் சந்தேகத்துக்குரியதுமாக 53 பேருக்கு நோய், இரண்டு சாவு. சிடிசி அதை மே 12 அன்று வெளியிட்டது. முகாம் தொடங்க இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. அதே ஊர் சிடிசிதான், ஆளுநரே.

இப்போது முகாமின் நாட்குறிப்பு. ஜூன் 17 முதல் 20 வரை ஊழியர்களுக்கும் பயிற்சிக்கு வந்தவர்களுக்கும் வகுப்பு. இந்தப் ‘பெரியவர்களின்’ இடைநிலை வயது பதினேழு. அவர்களிலும் பாதிப் பேராவது பள்ளிப் பருவத்துப் பிள்ளைகள்தான். 21-ஆம் தேதி 363 சிறுவர் சிறுமியர் வந்து சேர்ந்தார்கள். 22 இரவு பதின்வயது ஊழியர் ஒருவருக்குக் குளிர் நடுக்கம். 23 அன்று அவர் வீட்டுக்குப் போனார். 24 அன்று முடிவு வந்தது: பாசிட்டிவ். அன்றே பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். 27 அன்று முகாம் மூடப்பட்டது. பன்னிரண்டு நாள் செல்லும் என்று அரசு அறிவித்த காகிதத்தின் பின்னால் ஒளிந்திருந்த கிருமிக்கு, ஊரையே எட்டிப்பார்க்க அதில் பாதி நாள் போதுமாக இருந்தது.

கணக்கு இது. முகாமில் இருந்த ஜார்ஜியாவாசிகள் 597 பேர். பரிசோதனை முடிவு கிடைத்தது 344 பேருக்கு. அதில் 260 பேருக்கு நோய், அதாவது நூற்றுக்கு 76. முடிவு தெரியாத எல்லோரையும் நோயில்லாதவர்கள் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் மொத்தத்தில் 44 விழுக்காடு. ஆறு முதல் பத்து வயது வரை உள்ளவர்களில் 51 விழுக்காடு. அதிக நாள் தங்கியிருந்த ஊழியர்களில் 56 விழுக்காடு. இந்தக் கணக்கைச் சொன்ன சிடிசி அறிக்கை ஜூலை 31 அன்று வந்தது. அதில் முகாமுக்குப் பெயர் இல்லை. ‘முகாம் ஏ’ என்று மட்டும் இருக்கிறது. நாகரிகமான வழக்கம்தான். ஆறு வயதுப் பிள்ளைக்குக் காய்ச்சல் வரலாம், அமைப்பின் நற்பெயருக்கு வரக்கூடாது.

அறிக்கை வந்து ஐந்தாம் நாள், ஆகஸ்ட் 5. அன்று காலை அமெரிக்க அதிபர் டொனால்ட் டிரம்ப் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில், குழந்தைகளுக்கு இந்த நோய்க்கு எதிராகக் கிட்டத்தட்ட முழுப் பாதுகாப்பு உண்டு என்று அருள்வாக்கு சொன்னார். பொய்த் தகவல் என்று ஃபேஸ்புக்கே அந்தக் காணொலியை நீக்கியது. ஃபேஸ்புக் கூச்சப்படும் அளவுக்குப் பேசுவதும் ஒரு திறமைதான். அதே ஆகஸ்ட் 5 அன்றுதான் ஜார்ஜியாவில் ஆளுநர் கெம்ப் ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். ஐந்தாவது வாழ்த்து, எல்லாவற்றிலும் பெரிய வாழ்த்து, அந்தச் சட்டத்துக்கு.

அந்தச் சட்டம் என்ன சொன்னது? உங்கள் இடத்துக்கு வந்த ஒருவருக்குக் கொரோனா தொற்றினாலோ, அதனால் அவர் செத்தாலோ, நீங்கள் பொறுப்பில்லை. வாசலில் ஓர் அறிவிப்புப் பலகை மாட்டியிருந்தால், உள்ளே காலெடுத்து வைத்தவர் அந்த ஆபத்தைத் தானாகவே தலைமேல் ஏற்றுக்கொண்டார் என்று கொள்ளப்படும். வேண்டுமென்றே செய்தீர்கள் என்றோ, கொடிய அலட்சியம் என்றோ அவர் நிரூபித்தால்தான் வழக்கு நிற்கும். அந்த அறிவிப்பு ஏரியல் எழுத்துருவில், குறைந்தது ஓர் அங்குல உயரத்தில், வேறு எந்த வாசகமும் ஒட்டாமல் தனியாக இருக்க வேண்டும் என்றது சட்டம். படித்துப் பார்க்கையில் புல்லரிக்கிறது. பிள்ளைகள் தூங்கும் அறையில் ஜன்னல் திறந்திருக்க வேண்டுமா என்பதில் இத்தனை அக்கறை காட்டாத ஓர் அரசு, பழியிலிருந்து தப்பிக்கும் வாசகத்தின் எழுத்தை அளவுகோல் வைத்து அளந்திருக்கிறது. எழுத்துரு எது என்பதுவரை யோசித்திருக்கிறது. இந்த மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறிய நாள் ஜூன் 26. முகாமிலிருந்து கடைசிப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்த அதே வாரம்.

இடையில் ஒரு கிளைக்கதை. முகாம் மூடி மூன்று வாரம்கூட ஆகவில்லை. ஜூலை 15 அன்று, ஊராட்சிகளும் மாநகராட்சிகளும் முகக்கவசத்தைக் கட்டாயமாக்கக் கூடாது என்று ஆளுநர் ஆணை போட்டார். மறுநாள் அட்லாண்டா மேயர் கீஷா லான்ஸ் பாட்டம்ஸ் மீது வழக்கே தொடுத்தார். தம் ஊரில் முகக்கவசம் போடச் சொன்னதுதான் மேயர் செய்த குற்றம். அவருக்கே அப்போது கொரோனா உறுதியாகியிருந்தது. நோயைப் பிடிக்க ஆளில்லை, கவசத்தைப் பிடிக்க வக்கீல் இருந்தார். ஆகஸ்டில் அந்த வழக்கு வாபஸ் ஆனது.

வாழ்த்தியது போதும். போர்த்திய ஆடையை எடுத்துவிட்டுப் பேசலாம்.

அன்றைக்கு யாருக்கும் எதுவும் தெரியாது, புது நோய், விதி என்று சொல்கிறவர்கள் மெய்ன் மாநிலத்துக்குப் போய்ப் பார்க்கலாம். அதே கோடை, அதே நாடு, அதே கிருமி. நான்கு தங்கும் முகாம்கள். 41 மாநிலங்களிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் வந்த 1,022 பேர். வருவதற்கு முன் பத்து முதல் பதினான்கு நாள் குடும்பத்தோடு வீட்டில் ஒதுங்கியிருந்தார்கள். கிளம்புமுன் ஒரு பரிசோதனை, வந்து சில நாள் கழித்து மறுபடியும் ஒன்று. தினமும் காய்ச்சல் இருக்கிறதா, இருமல் இருக்கிறதா என்று விசாரணை. சிறு சிறு குழுக்கள். குழு விட்டுக் குழு கலந்தால் முகக்கவசம். முடிந்ததெல்லாம் திறந்த வெளியில். இரண்டாவது பரிசோதனையில் மூன்று பேருக்கு நோய் தெரிந்தது. மூவருக்கும் நோய்க்குறி இல்லை. ஒரே ஒரு பரிசோதனையோடு நிறுத்தியிருந்தால் அவர்களும் பாட்டுப் பாடிக்கொண்டிருந்திருப்பார்கள். தனிமைப்படுத்தினார்கள், அவர்கள் குழுவையும் ஒதுக்கி வைத்தார்கள். முகாமில் வேறு யாருக்கும் அது பரவவில்லை. இங்கே 260, அங்கே 3. இடையில் இருப்பது அதிர்ஷ்டம் இல்லை. மனித உழைப்பும், செலவும், இரண்டு வாரப் பொறுமையும்.

அந்தச் செலவைப் பேசாமல் விட்டால் நானும் ஒரு பலகை மாட்டியவனாவேன். மெய்ன் மாநிலத் தங்கும் முகாம்களுக்குப் போவது பெரும்பாலும் வசதியான வீட்டுப் பிள்ளைகள். இரண்டு வாரம் பிள்ளையோடு வீட்டில் ஒதுங்கியிருக்க அவர்களின் பெற்றோரால் முடியும். மளிகைக் கடையில் கல்லாவில் நிற்கும் தாய்க்கு, கிடங்கில் பெட்டி தூக்கும் தகப்பனுக்கு யார் அந்த இரண்டு வாரத்தைக் கொடுப்பது? பள்ளி மூடும் நீண்ட கோடையில் முகாம் அவர்களுக்குப் பொழுதுபோக்கு இல்லை. வேலைக்குப் போக அதுதான் வழி. அவர்கள் கேட்டது பிள்ளையை நம்பி விட ஓர் இடம். அந்தத் தேவையைக் காட்டித்தான் அரசு கதவைத் திறந்தது. திறந்த கையோடு பரிசோதனைச் செலவு, சம்பளத்தோடு விடுப்பு, கூடுதல் ஆள், காற்றோட்டம் எல்லாவற்றையும் அரசே ஏற்றிருந்தால் ஏழைப் பிள்ளைக்கும் மெய்ன் கிடைத்திருக்கும். கதவைத் திறக்கும்போது ஏழையின் பெயர் வேண்டியிருந்தது. பொறுப்பு என்று வரும்போது ஏழை வாசல் பலகையைப் படித்துக்கொள்ள வேண்டியதுதான்.

பாடம் படித்துவிட்டார்கள் என்று நினைக்கிறீர்களா? 2021 ஜூன், இலினாய் மாநிலம். தேவாலயம் சார்ந்த ஒரு தங்கும் முகாம், பதினான்கு முதல் பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு. பன்னிரண்டு வயது முடிந்தவர்களுக்குத் தடுப்பூசி மே மாதமே வந்துவிட்டது, அதுவும் இலவசமாக. அந்த முகாம் தடுப்பூசிச் சான்று கேட்கவில்லை. பரிசோதனை கேட்கவில்லை. முகக்கவசமும் கேட்கவில்லை. ஜார்ஜியா ஒரு காகிதமாவது கேட்டது; இவர்கள் அந்தச் சிரமத்தையும் கொடுக்கவில்லை. அந்த முகாமிலும், அதே அமைப்பு நடத்திய ஆண்கள் மாநாட்டிலும், அங்கே போனவர்களோடு பழகியவர்களிடமும் சேர்த்து 180 பேருக்கு டெல்டா வகைக் கொரோனா பரவியது. தெரியாது என்று சொல்லும் உரிமை ஓராண்டுக்கு முன்பே காலாவதியாகியிருந்தது.

கிருமியைத் திட்டுவதில் எனக்கு ஆர்வமில்லை. அது எந்த ஆணையும் பிறப்பிக்கவில்லை, எந்த மசோதாவையும் நிறைவேற்றவில்லை, எந்த மேயர் மீதும் வழக்குப் போடவில்லை. கையெழுத்துப் போட்டவருக்குப் பெயர் உண்டு, முகவரி உண்டு. 2022 நவம்பரில் ஜார்ஜியா மக்கள் பிரையன் கெம்ப்பை மறுபடியும் ஆளுநராகத் தேர்ந்தெடுத்தார்கள். அது அவர்கள் உரிமை. ஆறிலிருந்து பத்து வயதுவரை உள்ளவர்களுக்கு அந்தத் தேர்தலில் ஓட்டு இல்லை.