நிலாவை வேலைக்கு வைத்த ஊர்

பதினான்காம் லூயிக்கு ‘சூரிய ராஜா’ என்று பட்டம். சூரியன் அஸ்தமித்த பிறகு பாரிஸ் என்ன கதியானாலும் அது ராஜாவின் கவலை இல்லை. போலீஸ் தலைவர் லா ரேனியின் தலைவலி. 1667-இல் அவர் தெருவுக்குத் தெரு கயிறு கட்டி, கண்ணாடிக் கூண்டில் மெழுகுவர்த்தியைத் தொங்கவிட்டார். ஏற்றுகிற வேலை தெருக்காரர் தலையில். சாயங்காலம் ஒருவன் மணியடித்துக்கொண்டு போவான். அந்த வருஷம் முறை யாருக்கோ அவர் எழுந்து போய்ப் பற்றவைக்க வேண்டும், சூப் ஆறினாலும் சரி. செலவுக்கு ‘சேறு, விளக்கு வரி’ என்று ஒன்று. சேறு அள்ளவும் விளக்கேற்றவும் ஒரே வரி! சேற்றுக்குக் குறைவிருந்ததாக யாரும் எழுதி வைக்கவில்லை.

மின்சாரச் சிக்கனம் என்று இன்று மாநாடு போடுகிறோமே, அதற்கெல்லாம் பாரிஸ்காரர்கள் தாத்தா. முதலில் குளிர்கால மாதங்களில் மட்டும்தான் விளக்கு. பதினெட்டாம் நூற்றாண்டில் எண்ணெய் விளக்கு வந்த பிறகும், நிலா காயும் ராத்திரிகளில் திரியைத் தொடுவதில்லை. சம்பளம் கேட்காத, எண்ணெய் குடிக்காத ஊழியர் வானத்தில் இருக்கும்போது காசைக் கரியாக்குவானேன்? பஞ்சாங்கத்தில் நிலா உண்டென்றால் உண்டு. மேகம் மூடிக்கொண்டால் அது மேகத்தின் ஒழுங்கீனம். சாக்கடையில் கால் விட்டவர், அண்ணாந்து பார்த்துப் பௌர்ணமி என்று மனசைத் தேற்றிக்கொள்ளலாம். இந்தக் கூத்தை எழுத்தாளர் மெர்சியே அப்போதே திட்டித் தீர்த்திருக்கிறார்.

இதைவிடப் பெரிய சிக்கனவாதிகள் ஜெர்மனியின் கொலோன் நகரத்தில் இருந்தார்கள். எரிவாயு விளக்கு வரப்போகிறது என்றதும், 1819-இல் அந்த ஊர்ப் பத்திரிகை வேண்டாம் என்பதற்குக் காரணங்களை அடுக்கியது. இருட்டு ஆண்டவன் ஏற்பாடு, அதில் கை வைக்கக்கூடாது. வெளிச்சம் இருந்தால் ஜனங்கள் வெளியே சுற்றி ஜலதோஷம் பிடித்துக்கொள்வார்கள், குடிப்பார்கள். குதிரை மிரளும், திருடனுக்குத் துணிச்சல் வரும். விளக்கே இல்லாவிட்டால் செலவும் இல்லை, புகையும் இல்லை. கார்பன் கணக்கில் இவர்களை அடிக்க ஆளில்லை.

வெளிச்சமும் வேண்டும், பில்லும் குறைய வேண்டும் என்றால் எல்.ஈ.டி.தான். 2009-இல் தொடங்கி நாலே வருஷத்தில் லாஸ் ஏஞ்சலிஸ் சுமார் 1,40,000 தெருவிளக்குகளை மாற்றியது. அவற்றின் மின்சாரச் செலவு 60 சதவீதத்துக்கு மேல் இறங்கியது, மேகம் மூடிய ராத்திரிகளையும் சேர்த்து.