கேஜ் அம்மன் வரங்கள்: விதிமுறை நோக்கில் ஓர் ஆய்வு

சாமிக்கு எவ்வளவு சக்தி இருக்கலாம்? இந்தக் கேள்வியைச் சைவ சித்தாந்திகள் ஒருவிதமாக அணுகினார்கள், வைணவ ஆசாரியர்கள் வேறுவிதமாக. கோலார் தங்கவயலின் பாலகாட்டில் ஒரு லைன் வீட்டு முன்னறையில் ஞாயிறுதோறும் கூடும் நாங்கள் ஐந்து பேர் மூன்றாவது வழியைக் கண்டோம்: எட்டுமுகப் பகடையில் எத்தனை?

ஆடுவது ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. 1974இல் அமெரிக்காவில் அச்சான ஆட்டம். ஒருவர் கதை நடத்துவார், மற்றவர்கள் வீரனாகவோ திருடனாகவோ பூசாரியாகவோ வேடம் பூண்டு பாதாளத்துக்குள் இறங்குவார்கள். அமெரிக்கர்கள் கட்டம்போட்ட தாளில் பாடுபட்டு வரையவேண்டிய அந்தப் பாதாளத்தை, கோலார் தங்கவயலில் எங்கள் தாத்தாக்கள் ஷிப்ட் போட்டு வெட்டியே வைத்துவிட்டார்கள். 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கத்தை மூடினார்கள். ஆகவே எங்களிடம் பாதாளம் தயார், வேலைதான் இல்லை. ஆய்வுக்கு இதைவிட வாய்ப்பான சூழல் அமையாது.

ஆய்வுச் சிக்கல் பின்வருமாறு. 2014ஆம் ஆண்டு விதிப்புத்தகம் பூசாரிக்கு ஏழு துறைகளைத் தருகிறது: அறிவு, உயிர், ஒளி, இயற்கை, புயல், சூழ்ச்சி, போர். கேஜில், அதாவது சுரங்கக் கூண்டில், ஏற்றி இறக்கி, இறங்கியவனை உயிரோடு மேலே சேர்க்கும் தெய்வத்துக்கு இதில் இடமில்லை. எனவே எட்டாவதாக ஒன்றை வீட்டிலேயே செய்தோம். அவள் பெயர் கேஜ் அம்மன். முழுக்க எங்கள் கற்பனை; எந்தக் கோயிலிலும் தேடவேண்டாம்.

இத்துறையில் முன்னோர் செய்த பிழைகளை முதலில் ஆராய்ந்தோம். பஸ்மாசுரன் பெற்ற வரத்தை ஆட்ட மொழியில் எழுதினால் இப்படி வரும்: தொடுதூரம், தலையில் கை வைத்தால் எதிராளி சாம்பல், தப்பிக்கப் பகடை உருட்டும் உரிமை கிடையாது, நாளுக்கு இத்தனை முறை என்ற வரம்பும் கிடையாது, வரம் கொடுத்தவருக்கே விலக்கில்லை. புதிதாக விதி எழுத வருகிற எந்தப் பையனும் செய்யும் தவறுதான். செய்தவர் சிவபெருமான் என்பதால் நாங்கள் கண்டிக்கவில்லை, குறித்துமட்டும் வைத்தோம். இரணியன் வேறு ரகம். பகலா இரவா, உள்ளா வெளியா, மனிதனா மிருகமா என்று ஒவ்வொரு ஓட்டையாக அடைத்துக்கொண்டே போனவன் நிலைவாசற்படியை மறந்துவிட்டான். எங்கள் குழுவிலும் ஓர் இரணியன் உண்டு. விதியில் அரைப்புள்ளி எங்கே விழுகிறது என்று பார்த்துவிட்டுத்தான் வாளையே உருவுவார்.

சரியாக எழுதப்பட்ட வரம் கர்ணனுடையது. இந்திரன் கொடுத்த சக்தி ஆயுதம் ஒரே ஒரு முறைதான் பாயும். அதை அர்ச்சுனனுக்காகப் பொத்திப் பொத்தி வைத்திருந்து கடைசியில் கடோற்கசன்மேல் விடவேண்டியதாயிற்று. ஒருமுறைப் பண்டத்தைக் கையில் வைத்திருக்கும் ஒவ்வொரு ஆட்டக்காரனும் படும் வேதனை இதுவே. பரசுராமரின் சாபம் இன்னும் நுட்பம்: தக்க தருணத்தில் மந்திரம் மறந்துபோகும். ஒரு முறை சொன்னதும் மந்திரம் நினைவைவிட்டு அழிந்துவிடும் என்ற ஏற்பாட்டை இந்த ஆட்டம் ஜாக் வான்ஸ் என்ற அமெரிக்க எழுத்தாளரின் கதைகளிலிருந்து எடுத்துக்கொண்டது. ஆட்டத்தின் பழைய பதிப்புகளில் அது பொதுவிதி, இங்கே குருவின் கோபம், வித்தியாசம் அவ்வளவே.

தெய்வத்தை நேரில் கூப்பிடவும் புத்தகத்தில் வழி இருக்கிறது. பூசாரி பத்தாவது லெவலை எட்டியதும் நூறுக்குப் பகடை உருட்டலாம். தன் லெவல் எண்ணோ அதற்குக் கீழோ விழுந்தால் தெய்வம் வரும். அதாவது நூற்றுக்குப் பத்து. வந்துவிட்டால் அடுத்த ஏழு நாள் கூப்பிடக்கூடாது. அரிதாக வருவதற்குக் காத்திருப்பது எங்கள் ஊருக்குப் புதிதல்ல: இங்குள்ள சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் 2 கிலோமீட்டருக்கும் கீழே கருவிகளை வைத்து விஞ்ஞானிகள் காத்திருந்து, 1965இல் வானிலிருந்து வரும் நியூட்ரினோவின் தடயத்தைப் பிடித்தார்கள். எண்பதுகளில் புரோட்டான் சிதைகிறதா என்று பார்க்க 140 டன் எடையில் ஒரு கருவியை இறக்கினார்கள். அவர்கள் உருட்டிய பகடையோடு ஒப்பிட்டால் நூற்றுக்குப் பத்து என்பது அள்ளிக்கொடுப்பதுதான். ஆகவே அந்த விதியில் நாங்கள் கைவைக்கவில்லை.

மாற்றியது லெவலை. ஆட்டத்தில் லெவல் ஏறும்; எங்கள் ஊரில் லெவல் என்பது சுரங்கத்தின் தளம், அது இறங்கும். சாம்பியன் ரீஃபில் இறங்கி இறங்கி நூறைத் தாண்டியது, ஆழம் 3 கிலோமீட்டரைக் கடந்தது. ஆகவே கேஜ் அம்மன் பூசாரிக்கு ஆழம் கூடக்கூடச் சக்தி கூடும், மேலே வந்தால் அவன் சாதாரண ஆள். ராக்பர்ஸ்ட், அதாவது பாறை வெடிப்பு, வருமுன் ஒரு மூச்சு நேரம் பாறையின் சத்தம் அவன் காதில் விழும். விளக்கு அணையாது. கேஜ் கயிறு ஒருநாளில் ஒரே ஒரு முறை அறாது. ‘ஒரே ஒரு முறை’ என்பதற்கு இரணியன் பலத்த ஆட்சேபம் தெரிவித்தார். பதிவு செய்யப்பட்டது.

ஒரு மந்திரத்தை மட்டும் எடுத்துவிட்டோம். புத்தகத்தில் மூன்றாம் லெவல் பூசாரியே ஒரு தொடுதலில் எந்த நோயையும் தீர்த்துவிடுவான். கேஜ் அம்மனுக்கும் அதைக் கொடுக்கலாமா என்று கதை நடத்துபவர் கேட்டபோது யாரும் பேசவில்லை. கல்தூசு நெஞ்சில் இறங்கி, உட்கார்ந்தபடியே தூங்கிய தாத்தா ஐந்து வீட்டில் மூன்று வீட்டில் உண்டு. ஆட்டத்தின் சமநிலை கெட்டுவிடும் என்று காரணம் எழுதி அடித்தோம்.

அடுத்து நிபந்தனைகள். இங்கே ஆய்வு தடுமாறிக்கொண்டிருந்தபோது வீட்டுக்கார நண்பனின் அம்மா டீ கொண்டுவந்தார். “இன்னாடா, சாமிக்கே கணக்குப் போட்டுகினு கீறீங்க?” என்று நின்று கேட்டார். விளக்கினோம். “காப்பு கட்னானா அவன்?” என்றார்.

ஐந்து ஞாயிறு உழைத்தும் எங்களுக்குத் தோன்றாதது. காப்பு கட்டியவன் திருவிழா முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது, கவிச்சி தொடக்கூடாது. விலை, கால அளவு, இட வரம்பு மூன்றும் ஒரு மஞ்சள் கயிற்றில் முடிந்துவிடுகின்றன. அப்போதே விதியாக எழுதிவிட்டோம். எழுதிய பிறகுதான் பூசாரி வேடம் போடுபவர், தான் தினமும் விடிகாலை ரயிலில் பெங்களூரு போய் வருவதை நினைவூட்டினார். விதி வேடத்துக்கா ஆளுக்கா என்று ஒரு மணி நேரம் போயிற்று.

பிறகு பெரிய கேள்வி எழுந்தது. ஊர் எல்லை என்பது தரையில் கிழித்த கோடு. 3 கிலோமீட்டர் கீழே போனவன் எல்லைக்குள் இருக்கிறானா, வெளியிலா? கோட்டை நேராகப் பூமிக்குள் இறக்கிப் பார், உள்ளேதான் இருப்பான் என்றது ஒரு தரப்பு. தங்க ரேகை நேராகவா இறங்குகிறது, மேற்கே சாய்ந்தல்லவா போகிறது, அதைப் பிடித்துக்கொண்டே போனவன் அடுத்த ஊருக்கு அடியில்தான் நிற்பான், காப்பு முறிந்தது என்றார் இரணியன். தாளில் படம் போட்டுக் கோணம் அளந்தோம். டீ ஆறிப்போனது.

“சாமி மேலயா கீழயான்னு ஸ்கேல் வச்சுப் பாத்துகினு நிக்குமா?” என்று டம்ளர்களை எடுக்க வந்த அம்மா கேட்டார். “கேஜுல ஏறச்சொல்ல கால்ல செருப்பு இருந்துச்சா? அதச் சொல்லு.”

பூசாரி தன் தாளைப் புரட்டினார். உடைமைப் பட்டியலில் மூன்றாவது வரி: மந்திர பூட்ஸ் ஒரு ஜோடி, போன மாதம் 200 தங்கக்காசுக்கு வாங்கியது. அவர் ரப்பரைத் தேடுவதற்குள் இரணியன் அதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.