மதர்போர்டுக்குப் பொருத்தம் பார்ப்பவர்

நாட்டரசன்கோட்டைப் பக்கம் கல்யாணப் பேச்சென்றால் ஜாதகத்துக்கு முன்னால் கோயில் வந்து நிற்கும். நகரத்தாருக்குக் கோயில் ஒன்பது. சிலவற்றுக்குள் பிரிவுகளும் உண்டு. கோயிலும் பிரிவும் ஒன்றென்றால் பங்காளி. பேச்சு அத்தோடு சரி. இந்தக் கணக்கிலேயே வளர்ந்த ஒருவர், வேலையிலிருந்து ஓய்வு பெற்று, பூர்வீக வீட்டை வளவும் பட்டாலையுமாகக் கம்ப்யூட்டருக்குள் முப்பரிமாணத்தில் கட்டப்போகிறேன் என்று 24 கோர் திரெட்ரிப்பர் 7960எக்ஸ் பிராசஸரை வாங்கிவிடுகிறார் என்று வையுங்கள். பிராசஸர் பெட்டி பிரியாமல் பீரோவுக்குள் இருக்கும். இவர் திண்ணையில் உட்கார்ந்து அதற்கு மதர்போர்டு பார்த்துக்கொண்டிருப்பார். கஞ்சர் என்கிறது ஊர். முடிவெடுக்கத் தெரியாதவர் என்கிறது உறவு. இரண்டுமே தப்பு. பாதிக்கு மேல் நியாயம் அவர் பக்கம்தான்.

தொடுமுனைக் கணக்கு ஒத்தால் போதும் என்று நம்ப முடியாதபடி கம்பெனிகளே உலகத்தைப் பழக்கிவிட்டன. 2017இல் வந்த முதல் திரெட்ரிப்பருக்கு 4094 தொடுமுனைகள். 2019இல் வந்த மூன்றாம் தலைமுறைக்கும் அதே 4094. பழைய போர்டில் உட்காரும், குடித்தனம் நடத்தாது. இன்டெல் மட்டும் யோக்கியமா? 2015இல் ஜியான் இ3 வி5 பிராசஸரைச் சாதாரண ஐ7 உட்காரும் அதே 1151 சாக்கெட்டுக்குச் செய்துவிட்டு, சிப்செட் மட்டும் வேறு வேண்டும் என்றது. இப்போதுள்ள எஸ்டிஆர்5 சாக்கெட்டை ஒரு கோயில் என்று வைத்துக்கொண்டால் டிஆர்எக்ஸ்50, டபிள்யூஆர்எக்ஸ்90 என்று அதில் இரண்டு பிரிவு. ப்ரோ வகைப் பிராசஸர் இரண்டிலும் ஓடும். ஆனால் முதலாவதில் எட்டு மெமரி சேனலில் நான்கு அடைபட்டுப் போகும். ப்ரோ அல்லாததை இரண்டாவதில் வைத்தால் ஓடவே ஓடாது. கல்யாணத்தில் கோயிலும் பிரிவும் ஒன்றானால் ஆகாது; இங்கே கோயில் ஒன்றாகி, பிரிவு மாறினால் ஆகாது. பயோஸ் பழசாக இருந்துவிட்டாலோ, மாப்பிள்ளை வாசலில் வந்து நிற்கும்போது பெண் வீட்டார் “நீங்க யாரு?” என்று கேட்ட கதைதான். இத்தனையும் தெரிந்த ஒருவர் சிட்டை எழுதாமல் வேறென்ன செய்வார்? முறைச்சிட்டை எழுதும் அதே நீள நோட்டில், எவர்சில்வர் வரிசைக்குப் பதில் ரெஜிஸ்டர்டு ரேம், பவர் சப்ளை, 350 வாட் சூட்டைத் தாங்கும் கூலர் என்று வரிவரியாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் நேரே பென்சிலால் ஒரு கேள்விக்குறி.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் கேட்டால் ஐந்து நிமிஷத்தில் சொல்வார்களே என்பார்கள். சொல்வார்கள், கடையில் எது இருப்போ அதுவே உத்தமமான வரன். கம்பெனியே பூட்டி அனுப்பும் ஒர்க்‌ஸ்டேஷனை வாங்கியிருக்கலாமே என்றும் கேட்கலாம். நல்ல கேள்விதான். ஆனால் லெனோவோவின் பி620இல் உட்கார்ந்து பூட்டுப்பட்ட திரெட்ரிப்பர் ப்ரோவை வேறு கம்பெனி போர்டு ஏற்காது, மறுமணத்துக்கே வழியில்லை. இதைப் படித்த நாள் முதல் இவர் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை.

அவர் சறுக்குகிற இடம் வேறு. நாற்பது பேர் சேர்ந்து சாப்பிடும் பட்டாலையில் இன்று இரண்டு பேர் சாப்பிட்டாலும், நாளைக்கு விசேஷம் வந்தால் வேண்டுமே என்று யோசிக்கிற மண் இது. அதனால் நான்கு ரேம் ஸ்லாட் உள்ள டிஆர்எக்ஸ்50 அவர் கண்ணுக்கு ஒண்டுக்குடித்தனமாகத் தெரிகிறது. எட்டு ரேமும் ஏழு கார்டும் செருகக்கூடிய டபிள்யூஆர்எக்ஸ்90 மேல்தான் மனசு. பையனோ ப்ரோ இல்லை. இதைச் சொன்னால் பேச்சை மாற்றி, கேபினட்டுக்குள் இஞ்ச் டேப்பை விட்டு 12க்கு 13 அங்குலம் அடங்குமா என்று அளக்க ஆரம்பித்துவிடுவார்.

தையில் செவ்வாய்ப் பொங்கலுக்குக் கண்ணாத்தாள் கோயில் முன்னால் குடும்பப் புள்ளிக்கு ஒரு பானை வைக்க வெளியூர், வெளிநாட்டு உறவெல்லாம் வந்திறங்கும். சிங்கப்பூரிலிருந்து வந்தவரிடம் இவர் முதலில் விசாரிப்பது, திரும்பி வரும்போது பெட்டியில் எத்தனை கிலோவுக்கு இடமிருக்கும் என்பதைத்தான். “மூணு வருச வாரண்டி, பீரோவுக்குள்ளயே முடியப் போகுது. எப்பத்தான் அதப் பிரிக்கப் போறிய?” என்பார் ஆச்சி. “குடும்பம் எப்படின்னு தெரியாமப் பிள்ளையக் குடுத்துற முடியுமா?” என்று கேட்டுவிட்டு, பென்சிலைச் சீவ உட்காருவார்.