நெற்றிக்கண் ஆராய்ச்சி

ஆய்வுப் பொருள் கட்டைவிரல் பருமனில் ஒரு கண்ணாடிக் குழல்: கண் வைத்துப் படத்தைக் கட்டம் கட்ட உதவும், தனியே செருகும் வியூஃபைண்டர். பேட்டரி இல்லை, சிப் இல்லை, ஒயர் இல்லை. சிறிய டிஜிட்டல் கேமராவின் உச்சியில், ஃப்ளாஷ் மாட்டும் ஹாட் ஷூவில் உட்கார்ந்திருக்கும். அந்த ஷூவில் உள்ள மின் இணைப்புகளோடு அதற்குப் பேச்சுவார்த்தையே கிடையாது. கேமராவை அணைத்தாலும் குழலில் காட்சி தெரியும். கேமராவை வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டு வந்தாலும் தெரியும். இந்த இரண்டாம் பண்பை முன்னை ஆசிரியர் எவரும் விளக்காமல் விட்டதே இக்கட்டுரை எழுந்ததற்குக் காரணம் என்க.

முதலில் வரலாறு. 1996இல் வந்த ரிக்கோ ஜிஆர்1 ஃபிலிம் கேமராவில் வியூஃபைண்டர் உடம்போடு ஒட்டிப் பிறந்தது. 2005இல் ஜிஆர் டிஜிட்டல் வந்தபோது அந்த இடத்தை எல்சிடி திரை பிடித்துக்கொண்டது. வியூஃபைண்டர் ஜிவி-1 என்ற பெயரில் தனிக்குடித்தனம் போய்த் தனி விலையும் பெற்றது. 2008இல் சிக்மா டிபி1, பானசோனிக் எல்எக்ஸ்3, 2009இல் லைக்கா எக்ஸ்1 என்று அடுத்தடுத்து வந்தவற்றுக்கும் தலைக்கு ஒன்று விற்றார்கள். ஷூவின் பூர்வீகம் இன்னும் பழையது. 1925இன் முதல் லைக்காவிலேயே அது உண்டு. அங்கே தூரம் அளக்கும் கருவியைச் செருகினார்கள். பிற்பாடு லைக்கா தன் வியூஃபைண்டர்களுக்குத் தந்தியில் ஆர்டர் அனுப்பத் தோதாக எஸ்பிஓஓஐ, எஸ்பிஎல்ஓஓ என்று ஐந்தெழுத்துப் பெயர் சூட்டியது. ஐந்தெழுத்து ஓதினால் பலன் உண்டு என்பதில் நமக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

குழலின் உள்ளே நடப்பது கலிலியோவின் தொலைநோக்கியைத் திருப்பிப் பிடித்த கதைதான். முன்னால் குழிலென்ஸ், கண்ணருகே குவிலென்ஸ். அகன்ற காட்சி சுருங்கித் தெளிவாகத் தெரியும். படத்தின் எல்லையைக் காட்ட அதில் மிதக்கும் வெள்ளைக் கட்டம், ஃபான் அல்படா என்ற டச்சு இராணுவ அதிகாரியின் யோசனையின் வழிவந்தது. அவருடைய அமைப்பில், கண் வைக்கும் துளையைச் சுற்றி வரைந்த கட்டத்தை முன் லென்ஸின் பாதி ரசம் பூசிய குழிந்த பரப்பு பிரதிபலிக்கும். கட்டம் வெகுதூரத்தில் அந்தரத்தில் நிற்பதுபோலத் தோன்றும். இவ்வளவு அழகான ஏமாற்று வேலைக்கு பேட்டரி தேவைப்படவில்லை.

இனிக் குற்றம். கேமராவின் கண் கீழே, மனிதக் கண் மேலே. இடைவெளி 6 செ.மீ. என்று கொள்வோம். பிளஸ் ஒன் இயற்பியல் படித்தவர்கள் இதை இடமாறு தோற்றப் பிழை என்று அறிவார்கள். 28 மி.மீ.க்கு இணையான லென்ஸ், 10 மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 8.6 மீட்டர் உயரத்தைப் பார்க்கிறது. அதில் 6 செ.மீ. போனால் போகட்டும். 1 மீட்டரில் அது பார்ப்பது 86 செ.மீ. மட்டுமே, ஆகவே பிழை 7 சதவீதம். மாமாவின் உச்சந்தலை போய்விடும், ஈடாகச் சட்டையில் ஒரு பொத்தான் கூடுதலாகக் கிடைக்கும். 10 செ.மீ.க்கு நெருங்கினால் பார்ப்பது பூ, பதிவாவது தண்டு. சிவனின் நெற்றிக்கண்ணுக்கு முன்னும் குற்றத்தைக் குற்றம் என்றார் நக்கீரர். இங்கே நெற்றிக்கண் திறப்பதனாலேயே குற்றம் பிறக்கிறது.

அற்றேல், ஃபோகஸ் எங்கே விழுந்தது, வெளிச்சம் எவ்வளவு என்று எதையுமே சொல்லாத ஒன்றுக்கு ஏன் காசு என்னும் தடை எழும்.

விடை: சொல்லாததுதான் சௌகரியம். உச்சி வெயிலில் எல்சிடி திரையைப் பார்த்தால் எடுப்பவரின் முகம்தான் தெரியும். கண்ணாடிக் குழலுக்கு வெயில் ஒரு பொருட்டே அல்ல. கைகளை நீட்டிப் பிடித்தால் கேமரா ஆடும். நெற்றியில் ஒட்டிவைத்தால் ஆட்டம் குறையும். கட்டத்துக்கு வெளியிலும் கொஞ்சம் தெரிவதால், ஃப்ரேமுக்குள் நுழையப்போகும் சைக்கிள்காரரை முன்கூட்டியே பார்த்துவிடலாம். ஃபோகஸ் கவலைக்கு ரிக்கோவே மருந்து வைத்திருக்கிறது. அதன் ஸ்னாப் ஃபோகஸ் வசதியில் தூரத்தை முன்னரே நிறுத்திக்கொள்ளலாம். 2013இன் ஜிஆரில் 2.5 மீட்டர், எஃப்/8 என்று வைத்தால், ஏறத்தாழ ஒன்றேகால் மீட்டரிலிருந்து தொடுவானம்வரை எல்லாம் தெளிவாக விழும். அப்புறம் குழல் ஊமையாக இருந்தால் என்ன?

எதிர்க்கட்சியையும் கேட்டாக வேண்டும். கேனன் ஜி வரிசை வியூஃபைண்டரை உடம்புக்குள்ளேயே வைத்து, ஜூமோடு சேர்ந்து நகரவும் செய்தது. அதில் தெரிவதோ படத்தின் ஐந்தில் நான்கு பங்குதான். மூலையில் லென்ஸின் மூக்கு வேறு நுழையும். சொந்த வீட்டில் இருந்த வியூஃபைண்டரைவிட வெளியே போனது நன்றாகப் பிழைத்தது என்பது இவ்வாய்வின் துணிபு.

விலை விஷயத்தில் ஆய்வாளர் சற்று மூச்சு வாங்க நேர்ந்தது. 2012இல் சோனி ஆர்எக்ஸ்1 அமெரிக்காவில் சுமார் 2,800 டாலருக்கு வந்தது. அதற்கான ஒளியியல் வியூஃபைண்டர் சுமார் 600 டாலர். அதாவது கேமராவின் விலையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல், அந்தக் கேமரா இருப்பதே அறியாத ஒரு பொருளுக்கு. அது ஷூவில் நிற்பது வெறும் உராய்வின் தயவில். பையில் நுழைக்கும்போது ஒருநாள் கழன்று விழும் என்று அஞ்சுபவர்கள் ஓரத்தில் டேப் ஒட்டிக்கொள்வதை அழகியல் பிழையாகக் கருத இயலாது.

2011இல் ஃபியூஜிஃபிலிம் எக்ஸ்100 கண்ணாடி வியூஃபைண்டரையும் மின்திரையையும் ஒரே துளைக்குள் அடைத்தது. செருகுக் குழலின் காலம் முடிந்தது என்றே அப்போது தோன்றியிருக்கும். ஆனால் 2021இல் ரிக்கோ 40 மி.மீ. கோணம் கொண்ட ஜிஆர் 3எக்ஸை வெளியிட்டபோது கூடவே ஜிவி-3 என்ற புதுக் குழலையும் விற்றது.

அந்த ஜிஆர் என்ற பெயரோடு அதிகம் சேர்த்துப் பேசப்படும் ஒளிப்படக் கலைஞர் ஜப்பானின் டைடோ மொரியாமா. வியூஃபைண்டர், திரை எதையும் பார்க்காமல் இடுப்பளவிலிருந்தே சுட்டுவிட்டு நடப்பவர் என்று பெயர் பெற்றவர். இந்தச் சான்றை எந்த இயலில் வைப்பது என்று நெறியாளர் இன்னும் சொல்லவில்லை.