நூறு கேள்வி கேட்டவள்

என் உம்மம்மா கதை சொல்லும்போது கை சும்மா இருந்ததில்லை. மருதமுனை வீட்டுத் திண்ணையில் பன்பாய் இழைத்தபடியேதான் சொல்லுவா. சிவப்புச் சாயம் ஏற்றிய பன்னை விரலிடுக்கில் பிடித்து ஒரு வரி முடிக்கும் வரை கதை நின்றுவிடும். "மறுகா என்ன நடந்த, உம்மம்மா?" என்று நச்சரிப்போம். "பொறு மனெ, அவன் இன்னும் ஆத்தக் கடக்கல்ல" என்பா.

கதையின் அரசகுமாரன் தூரதேசத்தான். ஆனால் அவன் கட்டிப்போகும் சோற்றில் கீரிமீன் பொரியல் இருக்கும். தோணிக்காரன் எங்கள் கரைவலைக்காரர் பேச்சில் கூலி கேட்பான். உம்மம்மாவுக்குத் தமிழ் எழுத்து தெரியாது, அரபு எழுத்தில் தமிழை எழுதும் அரபுத்தமிழ் தெரியும். கிஸ்ஸா என்னும் கதைகளையும் மசலா என்னும் கேள்வி-பதில் கதைகளையும் அதில் வாசித்து, தன் ஊருக்கு மாற்றிச் சொன்னா. பழங்கதையை மறுபடி சொல்வது என்றால் என்னவென்று நான் படித்தது அந்தத் திண்ணையில்தான்.

அவவுக்குப் பிடித்தது 'நூறு மசலா'. தன் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்பவனையே மணப்பேன் என்று நிற்கும் அரசகுமாரியின் கதை. இவளுக்கு உலகமெங்கும் உறவு உண்டு. புதிர் போடும் இளவரசியை 12ஆம் நூற்றாண்டிலேயே பாரசீகக் கவிஞர் நிஜாமி பாடிவிட்டார். இத்தாலியில் கோஸ்ஸி 1762இல் அவளை நாடகமாக்கினார். புச்சினியின் இசைநாடகமான 'துரந்தோத்' 1926இல் மிலானில் மேடையேறியது. அதே சாயலில் ஒருத்தி கல்முனைக் கரையில் பாய் இழைக்கும் பெண்களோடும் இருந்தாள்.

இன்று என் பேத்தி கைப்பேசியில் ஆங்கில நாவல்கள் வாசிக்கிறாள். "உம்மம்மா, இதுல சிண்டரெல்லா மெக்கானிக்" என்று ஓடிவந்து சொன்னாள். மரிஸ்ஸா மேயர் எழுதி 2012இல் வந்த 'சிண்டர்' அது. அடுப்படிச் சாம்பலில் கிடந்த பெண், உடலின் ஒரு பகுதி இயந்திரமாக, எதிர்காலத்துப் பெய்ஜிங்கில் பழுது பார்க்கிறாள். பிறகு 'ஆயிரத்தொரு இரவுகள்' கதைகளைச் சொன்ன ஷஹ்ரசாத்தைப் பற்றி ரெனே அஹ்தியே எழுதிய நாவல் ஒன்று வந்தது. அதில் அவள் தோழியின் சாவுக்குப் பழிவாங்கவே அரசனை மணக்கிறாள். எனக்கு இரண்டும் பிடித்தன. பழைய கதையில் வாய் திறவாதிருந்த இடங்களை இவர்கள் பேச வைக்கிறார்கள். எகிப்திய நாவலாசிரியர் நகீப் மஹ்பூஸ் இன்னும் ஆழம் போகிறார். ஆயிரத்தோராவது இரவு முடிந்த பிறகு, அத்தனை பெண்களைக் கொன்ற அரசன் உண்மையில் திருந்தினானா என்று அவர் நாவல் கேட்கிறது.

நம் நாட்டுத் தமிழ் நாவலின் தொடக்கத்திலும் இந்த மறுசொல்லல் உண்டு. சித்திலெப்பையின் 'அசன்பேயுடைய கதை' 1885இல் வந்தது. எகிப்தில் பிறந்து குழந்தையிலேயே கடத்தப்பட்டவனின் கதை அது. 1891இல் திருகோணமலை எஸ். இன்னாசித்தம்பி 'ஊசோன் பாலந்தை கதை' எழுதினார். சகோதரர் இருவரில் ஒருவன் அரண்மனையிலும் மற்றவன் காட்டில் கரடியிடமும் வளரும் ஐரோப்பியப் பழங்கதையைத் தமிழ் வசனத்துக்குக் கொண்டுவந்தார். நம் கிழக்கு மாகாணத்துக்காரர் ஒருவர் 130 வருடத்துக்கு முன்பே செய்த வேலை!

பிறகு ஏன் நம் கிஸ்ஸா நாவலாகவில்லை? நாட்டார் கவிகளுக்கு ஆள் கிடைத்தது. நிந்தவூர் எஸ். முத்துமீரான் தேடித் தொகுத்தார், சாய்ந்தமருது அனாரும் தொகுத்தார். கிஸ்ஸாவுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. ஆதாரமில்லாத கதை என்று அதை ஒதுக்கும் பேச்சு ஒரு காலத்தில் ஊருக்குள் வலுத்தது. கதையை நபிமொழியான ஹதீஸ் என்று எந்த உம்மம்மாவும் சொன்னதில்லை. அந்தப் பேச்சு எனக்கு இன்றும் வருத்தம்தான். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது எத்தனையோ வீடுகளின் பெட்டிகளோடு பழைய புத்தகங்களும் போயின. குர்ஆனைச் சரளமாக ஓதும் நம் பிள்ளைகளிடம் ஓர் அரபுத்தமிழ்ப் பக்கத்தை நீட்டினால் திகைக்கிறார்கள்.

கல்முனையிலும் மருதமுனையிலும் அக்கரைப்பற்றிலும் எழுதுகிற பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். 'நூறு மசலா' அரசகுமாரி ஏன் கேள்வி கேட்டாள், யாரிடம் படித்தாள், பதில் சொன்னவனை மணந்த பிறகு அவள் கேட்ட முதல் கேள்வி என்ன? பழைய கதையில் இதற்கெல்லாம் இடமில்லை. உங்கள் நாவலில் இடம் கொடுங்கள். அதற்கு முன், கிஸ்ஸா தெரிந்த மூத்தவர்கள் உங்கள் தெருவில் ஹயாத்தோடு இருந்தால், இந்தக் கிழமையே கைப்பேசியோடு போய் உட்கார்ந்து பதிவு செய்துவிடுங்கள்.